நாளுக்கு ஒரு முழம் சீலிங்

சாந்தோம் நிறுத்தத்தில் ஏறிய இருவர் என் முன்சீட்டில் உட்கார்ந்தார்கள். ஒருவருடைய சட்டையெல்லாம் பெயிண்ட் துளிகள். மற்றவர் மடியில் டிபன் டப்பாவை வைத்துக்கொண்டு சொன்னதைக் கேட்டுத்தான் நான் ஜன்னலிலிருந்து திரும்பினேன்.

“தெனம் ஒரு முழம் சீலிங்தான் தொடைக்கிறேன், மச்சி.”

“இன்னாடா கூத்து இது? நான் வந்து பெயிண்ட் அடிச்சா அரை நாள்ல முடிஞ்சிரும்.”

“அவ மாசமா கீறா இல்ல? கொழந்த பொறக்கற வரைக்கும் வூட்டுக்குப் பெயிண்ட் அடிக்கக்கூடாதுன்னு அம்மா கண்டிசனா சொல்லிட்டாங்க. அதான் சோப்புத் தண்ணி.”

“அதுக்கு ஒரு முழமா? சோம்பேறி.”

“போன தபா மூணாம் மாசமே கலைஞ்சிடுச்சு. இந்தத் தபா டாக்டரம்மா எழுந்திரிக்கவே கூடாதுன்னுட்டாங்க. நாள் பூரா படுத்துக்கினு சீலிங்கயே பாக்கறா. அடுப்புப் புகை, கொசுவத்திப் புகைன்னு ஒரே கறுப்பு. தொடைச்சா அடியில பழைய நீலம் வருது. கடல் வருதுன்றா. ஒரே நாள்ல தொடைச்சிட்டா நாளைக்கு இன்னாத்தப் பாப்பா?”

பெயிண்டர் சட்டையில் காய்ந்திருந்த ஒரு துளியை நகத்தால் சுரண்டினார். அடையாறு பாலத்தின் மேல் பேருந்து மெல்ல ஊர்ந்தது. கீழே தண்ணீரில் சாயங்கால வெயில் கரைந்துகொண்டிருந்தது.

“நேத்து ஃபேன் பக்கத்துல தொடைக்கச்சொல்லோ, வயித்துல மொதல் தபா ஒதைச்சுதாம். ‘யோவ், அப்பிடியே நில்லு’ன்னா. ஈரத்துணியத் தூக்கிப் புடிச்சிக்கினு ஸ்டூல் மேலயே நின்னேன்.”

“எவ்ளோ நேரம்?”

“மறுபடி ஒதைக்கற வரைக்கும்.”