நூற்றுக்குப் பத்து

எனக்கு எண்ணுவது பிடிக்கும், ஐயா. மாடி ஏறினால் படிகளை எண்ணுவேன். மாமியார் பேச ஆரம்பித்தால் என் கொட்டாவிகளை எண்ணுவேன். அதற்குச் சம்பளமும் கொடுத்த ஒரே இடம் எங்கள் பரிசோதனைக்கூடம்.

நுரையீரல் புற்றுக்கட்டியிலிருந்து மெல்லிசாகச் சீவி, கண்ணாடித் தகட்டில் ஒட்டிச் சாயம் ஏற்றுவோம். ஒரு குறிப்பிட்ட புரதம் இருக்கும் செல்கள் மட்டும் பழுப்பாகும். நூற்றுக்கு எத்தனை பழுப்பு என்று எண்ண வேண்டும். ஐம்பதைத் தாண்டினால் நோய் திரும்பி வரும் வகை. உடனே கடுமையான சிகிச்சை. குறைந்தால் ஆபரேஷனோடு சரி, ஆறு மாதம் கழித்து வந்தால் போதும்.

நானும் சீனியர் அக்காவும் தனித்தனியாக எண்ணி ஒப்பிட வேண்டும் என்பது விதி. அக்காவுக்குக் கழுத்துவலி. "உனக்கு எவ்ளோ வந்துச்சு தம்பி?" என்பார், சொன்னதை அப்படியே எழுதுவார். பதினொரு வருஷமாக எங்களுக்குள் ஒரு கருத்து வேறுபாடு கிடையாது.

முதல் ஆள், ரிசல்ட் கேட்டு வந்த ஒரு பஸ் டிரைவர். "சார், நல்ல சேதியா சொல்லுங்க. பொண்ணுக்கு இப்பதான் வேலை கிடைச்சிருக்கு, வீடே சிரிச்சுக்கிட்டிருக்கு" என்றார். தகட்டில் எழுபத்திரண்டு. நான் சினிமாவில் நாய்க்குட்டி தொலைந்தாலே அழுகிறவன். பத்து என்று எழுதினேன்.

"பத்துதான் அண்ணே. போய் வயிறாரச் சாப்பிடுங்க."

அவர் என் கன்னத்தைக் கிள்ளிவிட்டுப் போனார். ஐம்பது வயதில் அந்தப் பாக்கியம் எத்தனை பேருக்குக் கிடைக்கும்?

அதன்பின் முப்பத்தெட்டுப் பேர். முகம் வாடியிருந்தால் பத்து. கூடக் குழந்தை வந்திருந்தால் ஐந்து. ஆறு மாதப் பரிசோதனைக்கு நாலு பேர்தான் வந்தார்கள். மற்றவர்கள் வராததை, விசாரிக்க வந்த நீங்கள் வேறு மாதிரி எடுத்துக்கொள்கிறீர்கள். நன்றாக இருப்பவன் ஆஸ்பத்திரிக்கு எதற்கு வருவான்?

போன மாதம் எனக்கே நுரையீரலில் ஒரு கட்டி எடுத்தார்கள். தையல் பிரித்த கையோடு வேலைக்கு வந்தால், என் தகடு மேசையில் காத்திருக்கிறது. சொந்தத் தகட்டை எண்ணக் கூடாது. எனவே அக்கா முதல்முறையாகத் தானே எண்ணினார், கழுத்துவலியையும் மறந்து, அரை மணி நேரம். எழுந்தவர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

"பத்துதான் தம்பி. போய் வயிறாரச் சாப்பிடு."

அன்று இரண்டு ஆள் சாப்பாட்டை ஒருவனாக முடித்தேன்.

அந்த முப்பத்தொன்பதையும் மாற்றியது நான்தான், ஐயா. மறுபடி எண்ணிப் பாருங்கள், ஆட்சேபம் இல்லை. என்னுடையதை மட்டும் எண்ண வேண்டாம். அக்காவுக்குப் பொய் சொல்லத் தெரியாது.