கவலியேரே எழும்பினால்

கபோ சந்தையில் மீன் விற்பவனைக் கேட்டால், ஐஸில் வைத்த மீனை மறுநாளே தள்ளிவிட வேண்டும் என்பான். என் முதலாளி கவலியேரே ஸ்பத்தாரோவுக்கோ ஐஸில் இருநூறு வருஷமாவது இருக்கவேண்டும் என்று ஆசை. பெரிய இடத்து ஆசைகளை நான் கேள்வி கேட்பதில்லை, ஐயா. அதனால்தான் இந்தப் பலெர்மோவில் எட்டு வருஷம் ஒரே வீட்டில் வேலை பார்த்தேன்.

கவலியேரே என்பது அவருக்கு அரசாங்கம் கொடுத்த பட்டம். பெண்சாதி பிள்ளை இல்லை. வியா மக்வேதா தெருவில் நாலு மாடிக் கட்டடம் இருந்தது. இராசரத்தினம் என்று சொல்ல நாக்குப் புரளாததால் என்னை ரினோ என்றார். நானும் என் மனைவி குகனேஸ்வரியும் அந்தக் கட்டடத்தின் மொட்டைமாடி அறையில் வாடகையில்லாமல் இருந்தோம். என் பெர்மெஸ்ஸோவும், அதாவது இத்தாலியில் இருப்பதற்கான அனுமதியும், அவர் வேலை தந்தபடியால்தான் ஒவ்வொரு முறையும் உயிர் பிழைத்தது.

அவரும் இன்னும் சில பணக்காரரும் ஒரு சங்கம் வைத்திருந்தார்கள். செத்தவுடன் உடம்பைத் திரவ நைதரசனில் உறையவைப்பது, விஞ்ஞானம் வளர்ந்தபிறகு எழுப்பிக்கொள்வது. அதற்கென்று போர்கோ வெக்கியோ பகுதியில் பழைய மீன் கிடங்கொன்றை வாங்கி, நைதரசனை நிரப்பிவைக்க அமெரிக்காவிலிருந்து பெரிய உருக்குத் தாங்கி ஒன்றை இறக்கினார்கள். எல்லோரும் போடுவது, ஒருவர் எடுப்பது; நம் ஆட்கள் பிடிக்கிற சீட்டு மாதிரித்தான். நம் சீட்டில் முதலில் எடுக்க அடிபடுவார்கள். இவர்களோ, "முதலில் நீங்கள்" என்று ஒருவருக்கொருவர் மரியாதை காட்டியே காலத்தை ஓட்டினார்கள். ஞாயிறுகளில் கவலியேரே வீட்டில் கூடி மனிதகுலத்தின் எதிர்காலம் பற்றிக் கதைப்பார்கள். கோப்பி வந்ததும், தாங்கியின் அடிப்பக்கம் யாருக்கு என்று சண்டை தொடங்கும். அடியில்தான் குளிர் கூடவாம்.

தொண்ணூற்றைந்தாம் ஆண்டு கோடை தொடங்க, கவலியேரே படுக்கையில் விழுந்தார். விழுந்ததும் புத்தி மாறிவிட்டது. பாதிரியாரைக் கூப்பிட்டார். தாயின் பக்கத்தில் புதைக்கவேண்டும் என்றார், சங்கத்துக்கு எழுதிவைத்திருந்த சொத்தைக் கன்னியாஸ்திரிகளுக்கு மாற்றி எழுதப்போகிறேன் என்றார்.

"எனக்குக் குளிர் ஒத்துவராது, ரினோ" என்று என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார். எனக்குப் பாவமாகத்தான் இருந்தது. திங்கட்கிழமை புதிய உயிலை எழுத நொத்தாரிசு வருவதாக ஏற்பாடு.

சனிக்கிழமை, நான் சமைத்துக்கொண்டிருந்த குசினிக்குள் சங்கத்து வக்கீல் மிஸ்திரெத்தா வந்தார். எட்டு வருஷத்தில் அந்த மனிதருக்குக் குசினி எங்கே இருக்கிறதென்று தெரிந்தது அன்றைக்குத்தான்.

"ஒருவரும் எதையும் விரும்பவில்லை, ரினோ" என்றார். "ஆனால் நாளைக்கு அவர் கண்ணை மூடினால் சங்கம் பிழைக்கும். செவ்வாய்க்கிழமை மூடினால் நாங்கள் எல்லோரும் அவரோடு சேர்ந்து செத்தோம். கிடங்குக்கு எப்போதும் ஒரு காவலாள் தேவை. உன் பெர்மெஸ்ஸோவையும் நான் பார்த்துக்கொள்வேன்."

போகும்போது ஒரு பெட்டி இனிப்பு வைத்துவிட்டுப் போனார். நல்ல கடையில் வாங்கியது.

ஞாயிறு மத்தியானம் குகனேஸ்வரி கடைக்குப் போயிருந்தாள். நான் கவலியேரேயின் தலையணையைச் சரிசெய்தேன். நான் சொல்வதை மொழிபெயர்க்க நீங்கள் கூட்டிவந்த றோபேட் தம்பி இந்த இடத்தில் நிறுத்திவிட்டார். தம்பி, நான் சொல்கிறபடியே சொல்லும். தலையணையை எடுத்து அவர் மூக்கிலும் வாயிலும் வைத்து அழுத்தினேன். கண்கள் மட்டும் தலையணைக்கு வெளியே இருந்தன. கிழவர்களுக்கு அவ்வளவு பலம் இருக்கும் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. கடைசிவரை என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

சங்கத்து வைத்தியர் ஐஸோடு வந்தார். இதயம் நின்றுவிட்டது என்று எழுதினார்; பொய் என்று சொல்ல முடியாது. தாங்கியின் மூடி இறங்கியபோது எல்லோரும் ஒருவரையொருவர் கட்டிப்பிடித்து அழுதார்கள். இவ்வளவு சந்தோஷமான செத்தவீட்டை நான் பார்த்ததில்லை.

காரியம் அதோடு முடிந்திருக்கும். குகனேஸ்வரிதான் ஒருநாள் அரிசி களைந்தபடி தொடங்கினாள்.

"இஞ்சருங்கோ, அவருக்கு முப்பத்தொண்டாம் நாள் வருகுது. இத்தனை வருசம் அவற்றை சோறு திண்டனாங்கள். ஒரு படையல் போடவேண்டாமோ?"

"அவர் சாகேல்லையாம். நித்திரை எண்டு அவையள் சொல்லுகினம்."

"செத்தவரோ, நித்திரையோ, ஒண்டைச் சொல்லுங்கோ. செத்த ஆளெண்டால் படைச்சு அனுப்பவேணும். நித்திரையெண்டால் எழும்புவாரோ?"

"எழும்புவாராம்."

"எழும்பட்டும், நல்ல மனுசன். கடைசியா உங்கடை முகத்தைத்தானே கண்டவர். கண் முழிச்சால் உங்களைத்தான் முதல் விசாரிப்பார்."

அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. அவள் ஒன்றும் தெரியாமல் அன்பாகத்தான் சொன்னாள். ஆனால் கிடங்கில் காவலிருக்கும்போது தாங்கிக்கு முதுகைக் காட்டி உட்கார எனக்குப் பயமாக இருந்தது. முப்பத்தோராம் நாள், போர்கோ வெக்கியோ முழுவதும் மத்தியானத் தூக்கத்தில் இருந்தபோது, கிடங்குக் கதவுகளைத் திறந்துவைத்து, தாங்கியின் வால்வையும் திறந்துவிட்டேன். நைதரசன் வெள்ளைப் புகையாகத் தெருவரை போனது. அதே நேரம் குகனேஸ்வரி வீட்டில் வாழையிலை கிடைக்காமல் பீங்கான் தட்டில் படைத்தாள்.

ஆகஸ்ட் வெயில் மிச்ச வேலையைச் செய்தது. மணம் தாங்காமல் அயலவர்கள் பொலிஸ் என்று உங்களைக் கூப்பிட்டார்கள். நீங்கள் கவலியேரேயின் வாய்க்குள் தலையணைப் பஞ்சைக் கண்டுபிடித்தீர்கள். சங்கத்தார் வரலாற்றில் முதல்தடவையாக ஒற்றுமையானார்கள்: அந்தத் தமிழன்தான் செய்தான் என்று எல்லோரும் ஒரே குரலில் சொன்னார்கள். நாலு மாடியைத் திருப்பிக் கொடுக்கவேண்டியதில்லை என்பதிலும் அதே ஒற்றுமைதான்.

வால்வைத் தொடாமல் விட்டிருந்தால் இருநூறு வருஷத்துக்கு ஒருவரும் அவர் வாயைத் திறந்து பார்த்திருக்க மாட்டார்கள், ஏன் திறந்தாய் என்று மூன்றாம் முறையாகக் கேட்கிறீர்கள். கொன்றதை ஒப்புக்கொண்டேன், இதையும் சொல்கிறேன். ஐஸில் வைத்த பிணம் எழும்பும் என்று நம்புவதற்கு நான் அவர்களைப் போல மடையன் இல்லை, ஐயா. ஆனால் எழும்பியிருந்தால், முதலில் என் பெயரைத்தான் சொல்லியிருப்பார்.