பன்னிரண்டாவது எலுமிச்சை

அக்கா: நீ தட்டு.

தம்பி: நீதான் மூத்தவ. நீ தட்டு.

அக்கா: வண்டியில வரும்போது யாரு சொன்னது, 'நான் பேசிக்கிறேன், நீ கம்முனு இரு'ன்னு?

தம்பி: அது வண்டியில. மூணு மாடி ஏறினதுல வாயே உலர்ந்துபோச்சு.

அக்கா: அவங்க தினம் ஏறுனாங்க. அதுவும் நம்ம நர்சரியில நாள் முழுக்கத் தண்ணி ஊத்திட்டு வந்து.

தம்பி: சரி, ஆரம்பிக்காத. முதல்ல உள்ள ஆள் இருக்காங்களா?

அக்கா: இருக்காங்க. செருப்பு கிடக்கு பாரு. ஜன்னல்ல இருக்குற தொட்டியில மண்ணு இன்னும் ஈரமா இருக்கு.

தம்பி: அவங்க வேலைய விட்டுப் போயி பத்தொன்பது நாள் ஆச்சு. திரும்பி வருவாங்களா?

அக்கா: நானா இருந்தா வரமாட்டேன்.

தம்பி: இப்படிப் பேசினா நான் கீழ இறங்கிடுவேன்.

அக்கா: போ. போயி கள்ளிச்செடிக்குத் தண்ணி ஊத்து. நர்சரிக்காரன் வீட்டுல பிறந்து, கள்ளியத் தினம் தண்ணி ஊத்தி அழுக வச்சவன் நீ ஒருத்தன்தான்.

தம்பி: நான் வண்டி ஓட்டுறவன். எனக்கு என்ன தெரியும்? நீ மட்டும் என்னவாம்... உடைஞ்ச தொட்டின்னு புரட்டி, அடியில இருந்த தேரைய வெயில்ல தள்ளினது யாரு?

அக்கா: அது தேரை வீடுன்னு எழுதியா வச்சிருந்துச்சு?

தம்பி: இந்த வீட்டுப் பூவாளிக்குத் தெரியும்.

அக்கா: ஆமா... அவங்களுக்குத் தெரியும். கீரி எந்த மூலையில குட்டி போட்டிருக்குன்னு தெரியும். புழு திங்கட்டும்னே ஒரு எலுமிச்சைய ஓரமா விட்டு வச்சிருப்பாங்க. கேட்டா, 'இது பட்டாம்பூச்சி பங்கு, நீங்க கேக்காதீங்க'ம்பாங்க.

தம்பி: இவ்வளவு தெரிஞ்சவங்க, அந்தத் துணிய மட்டும் எப்படி மறந்தாங்க?

அக்கா: நீ முதல்ல கதவத் தட்டுடா.

தம்பி: இல்ல, கேக்குறேன். நூத்திப்பத்து வருஷமா நம்ம கேட்டுல அந்தப் பலகை தொங்குது. 'கூடு உள்ள செடி விற்பனைக்கு இல்லை.' கொள்ளுத்தாத்தா கையால எழுதினது. அதுக்குப் பக்கத்துல நின்னு போட்டோ எடுக்கவே ஆளுங்க வர்றாங்க. செடியில கூடு பாத்தா சிவப்புத் துணி கட்டணும். குஞ்சு பறக்குற வரைக்கும் அவிழ்க்கக் கூடாது. அத விடப் பெரிய வேலை அவங்களுக்கு என்ன...

அக்கா: இத யாருக்குடா சொல்ற? நான் என்ன புதுசா செடி வாங்க வந்தவளா?

தம்பி: எனக்கே சொல்லிக்கிறேன். சொல்லச் சொல்ல நம்பிக்கை வருமான்னு பாக்குறேன்.

அக்கா: எதுல நம்பிக்கை?

தம்பி: விடு. நீ தட்டு.

அக்கா: நம்மகிட்ட எலுமிச்சைத் தொட்டி வாங்கின ஹோட்டல்காரர் அந்த ஷூ டப்பாவோட வந்து நின்னாரே...

தம்பி: அத எடுக்காதக்கா.

அக்கா: மூணு குஞ்சு. தையல்சிட்டு தைச்ச இலைக்குள்ள அப்படியே செத்துச் சுருண்டு... வாங்கிட்டுப் போயி மூணாவது நாள். பலகைக்கு நேர் கீழ டப்பாவத் திறந்து, 'இந்தப் பலகை எதுக்குங்க, அலங்காரத்துக்கா?'ன்னு கேட்டாரு. பத்துப் பேர் பாத்துட்டு நிக்குறாங்க. நீ என்ன செஞ்ச? நேரா பூவாளி பக்கம் கைய நீட்டி, 'துணி கட்டுறது இவங்க பொறுப்பு'ன்ன.

தம்பி: நீ என்ன செஞ்ச? 'அப்படி இல்லடா'ன்னு ஒரு வார்த்தை வந்துச்சா உன் வாயில? ரோஜாத் தொட்டிக்குப் பின்னால போயி காய்ஞ்ச இலையப் பொறுக்கிட்டு நின்ன.

அக்கா: அவங்களும் ஒண்ணும் சொல்லல. கையில இருந்த பூவாளியக் கீழ வச்சாங்க. இருபத்தெட்டு வருஷமா அதக் கையிலருந்து இறக்காததாலதானே அந்தப் பேரே வந்துச்சு... வச்சுட்டு, கையத் துடைச்சுட்டுப் போயிட்டாங்க.

தம்பி: சரி, இன்னிக்கு என்ன திடீர்னு?

அக்கா: காலையில பாத்தேன்டா. அந்தத் தையல்சிட்டு மறுபடி வந்திருக்கு. அந்தத் தொட்டி இருந்த காலி இடத்துக்குப் பக்கத்துலயே, இன்னொரு எலுமிச்சையில இலைய இழுத்து இழுத்துத் தைக்குது.

தம்பி: அதான் விடிஞ்சதும் விடியாததுமா என்னைக் கிளப்பினியா?

அக்கா: சிவப்புத் துணிய எடுத்துட்டுத்தான் போனேன். கட்டக் கை வரல. அந்தச் செடிகிட்ட நிக்கவே எனக்கு அருகதை இல்லன்னு தோணுச்சு.

தம்பி: ஒரு துணி கட்டுறதுக்கு இவ்வளவு...

அக்கா: அவங்க மறக்கலடா.

தம்பி: என்னது?

அக்கா: துணி கட்டித்தான் இருந்துச்சு. நான்தான் அவிழ்த்தேன்.

தம்பி: நீயா? எதுக்கு?

அக்கா: ஹோட்டல்காரர் பன்னண்டு எலுமிச்சை கேட்டாரு. ஒரே உயரம், ஒரே அகலம், வாசலுக்கு இந்தப் பக்கம் ஆறு, அந்தப் பக்கம் ஆறு. நம்மகிட்ட தோதா பதினொண்ணுதான். 'பதினொண்ணு எடுத்துக்கோங்க, அடுத்த மாசம் ஒண்ணு தரேன்'னு போன்ல எவ்வளவு கெஞ்சினேன் தெரியுமா? 'பன்னண்டு இல்லன்னா ஒண்ணும் வேணாம்'னுட்டாரு. இந்த வருஷத்துக்கே வந்த ஒரே பெரிய ஆர்டர்... பன்னண்டாவதுல துணி தொங்குது. வெளியிலருந்து பாத்தா கூடே தெரியாது. துணி இல்லன்னா அதுவும் ஒரு எலுமிச்சை, அவ்வளவுதான். 'குஞ்சு பறந்திருக்கும்'னு சொல்லிக்கிட்டேன். எட்டிப் பாக்கல. பாத்தா இருக்கும்னு தெரியும். அதான் பாக்கல.

தம்பி: பூவாளி போட்ட முடிச்ச நீ அவிழ்த்தியா? அவங்க ரெண்டு முடிச்சு போடுவாங்களே. என் ஸ்கூல் பைக்கு அவங்க போட்ட முடிச்ச வாத்தியார் கத்தரிச்சுல்ல திறந்தாரு!

அக்கா: ஒரே இழுப்புதான். கையோட வந்துருச்சு.

தம்பி: ம்...

அக்கா: என்னடா 'ம்'? திட்டு. கத்து. ஏதாவது சொல்லு.

தம்பி: நான் என்னத்தச் சொல்ல... எனக்குத் தெரியும்.

அக்கா: துணி விஷயமா?

தம்பி: துணி தெரியாது. குஞ்சு இருந்தது தெரியும். வண்டியில ஏத்தும்போதே உள்ளேருந்து சத்தம். தாய்ப்பறவை... கட்டைவிரல் அளவு இருக்குமா அது? வண்டிக் கண்ணாடிக்குப் பக்கத்துலயே கத்திட்டுப் பறந்து வந்துச்சு. பெரிய ரோடு திருப்பம் வரைக்கும்.

அக்கா: வண்டிய நிறுத்தலையா நீ?

தம்பி: பாட்டுச் சத்தத்தக் கூட்டி வச்சேன்.

அக்கா: அடப்பாவி!

தம்பி: ஆமா. பாவிதான். அப்புறம் அந்த டப்பாவப் பாத்ததும் கை தானா நீண்டுருச்சு. எங்க நீட்டினா திருப்பிப் பேச மாட்டாங்களோ, அங்க.

அக்கா: ரெண்டு பேரும் தினம் ஒரே மேசையில உக்காந்து சாப்பிட்டிருக்கோம்டா.

தம்பி: 'பூவாளி இப்படிப் பண்ணிட்டாங்களே'ன்னு நீ. 'அவங்களுக்கும் வயசாச்சுல்ல'ன்னு நான்.

அக்கா: போதும். கேக்கவே உடம்பு கூசுது.

பூவாளி: கதவு சாத்தலம்மா. சும்மா தள்ளினாலே திறக்கும்.

தம்பி: ஐயோ...

அக்கா: எவ்வளவு நேரமா நிக்கிறீங்க இங்க?

பூவாளி: தேரைப் பேச்சுலருந்து. செத்துருச்சா அது?

தம்பி: இல்ல... பெரணி வரிசைக்குள்ள ஓடிருச்சு.

பூவாளி: தொட்டிய அதே இடத்துல கவிழ்த்து வை. பொழுது சாஞ்சா வந்துரும். உள்ள வாங்க, ஏன் படியிலயே நிக்கிறீங்க?

அக்கா: வேணாம். உள்ள வர்ற மூஞ்சியா இது? எல்லாத்தையும் கேட்டீங்கல்ல?

பூவாளி: கேட்டேன்.

அக்கா: எங்களோட வாங்க. ஹோட்டல்காரர இன்னிக்கு வரச் சொல்லியிருக்கேன். அதே பலகைக்குக் கீழ, நாலு பேர் கேக்க, 'அவிழ்த்தது நான், பழி போட்டது நாங்க'ன்னு சொல்றேன்.

தம்பி: நானும் சொல்றேன். சத்தமா.

பூவாளி: வேணாம் பாப்பா.

அக்கா: நாப்பத்திரண்டு வயசு எனக்கு. இன்னமும் பாப்பான்னு கூப்பிடாதீங்க, என்னவோ பண்ணுது.

பூவாளி: அவர்கிட்ட ஒண்ணும் சொல்லாத. விட்டுடு.

தம்பி: எங்களக் காப்பாத்தப் பாக்குறீங்களா? அது இன்னும் கேவலமா இருக்குங்க. ரெண்டு அறை விடுங்க, வாங்கிக்கிறேன்.

பூவாளி: யாரையும் காப்பாத்தல தம்பி. நான் அவ்வளவு நல்லவ இல்ல.

அக்கா: அப்புறம் ஏன் அன்னிக்கு வாயத் திறக்கல? 'நான் கட்டினேன், யாரோ அவிழ்த்திருக்காங்க'ன்னு ஒரு வார்த்தை போதுமே. அங்கயே உங்க கால்ல விழுந்திருப்பேன்.

பூவாளி: அதச் சொல்ல எனக்கு வாய் இல்ல.

அக்கா: ஏன்? உண்மைதானே அது?

பூவாளி: பாதிதான் உண்மை. அந்தத் துணி ஒரே இழுப்புல வந்துச்சுன்னியே பாப்பா... அப்பக்கூட உனக்கு ஒண்ணும் தோணலையா?

அக்கா: என்ன தோணணும்?

பூவாளி: நீ போன்ல கெஞ்சினத நான் கேட்டுட்டுதான் நின்னேன். போயி இலைய விலக்கிப் பாத்தேன். மூணு குஞ்சும் எனக்கு வாயத் திறந்து காட்டுச்சு. பாத்துட்டும்... மேல் முடிச்ச அவிழ்த்தேன். அடி முடிச்ச உனக்கு விட்டுட்டு, பூவாளியத் தூக்கிட்டு அந்தப் பக்கம் தண்ணி ஊத்தப் போயிட்டேன்.