டிஸ்குக்கு வைத்த சந்தனப் பொட்டு

சந்தனம் காய்ந்துவிட்டால் எளிதில் வராது. தண்ணீர் விட்டால் ஊறி உள்ளே இறங்கும். ஊசியால் கிளறினால் பொடியாகி இன்னும் ஆழத்தில் போய் உட்காரும். பழைய டூத் பிரஷ்ஷை ஸ்பிரிட்டில் நனைத்துப் பையப் பையத் தேய்க்க வேண்டும். இருபது நிமிடம் ஆகும்.

நடந்ததை என் கைப்பட எழுதித் தரும்படி காவல் ஆய்வாளர் அவர்கள் கேட்டார்கள். சுகிர்தா டீச்சர் ரத்தம் கிடைக்காமல் இறந்துபோன வியாழக்கிழமையில் இருந்து தொடங்கினால் போதும் என்றார்கள். அது சரியாக வராது. எந்தப் பழுதையும் அது தொடங்கிய இடத்தில் இருந்துதான் பார்த்து வர வேண்டும். இந்தப் பழுது ஆயுத பூஜையன்று தொடங்கியது.

என் பெயர் குமரகுருபரன். பாளையங்கோட்டை தெற்கு பஜாரில் கம்ப்யூட்டர் பழுது பார்க்கும் கடை வைத்திருக்கிறேன். எதிர்ச்சாரியில் அப்பாத்துரை அண்ணாச்சியின் டீக்கடை. அங்கிருந்து நான்கு கடை தள்ளி, மாடியில், பொருநைக் குருதிக்கொடைப் பேரவை. அதன் தலைவர் ‘குருதிக்கொடைக் கோமான்’ கைலாசம், கூட்டுறவுத் துறையில் சார்பதிவாளராக இருந்து ஓய்வு பெற்றவர். அந்தப் பட்டத்தை அவருக்கு வழங்கியது அவருடைய பேரவைதான். அவர் இதுவரை ஒரு சொட்டு ரத்தமும் கொடுத்ததில்லை. சர்க்கரை இருக்கிறது என்பார். மேடையில் வைக்கும் லட்டுக்கு மட்டும் அந்தச் சர்க்கரை இடம் கொடுத்துவிடும்.

சென்ற ஆண்டு பேரவை நடத்திய முகாம்களில் இரண்டாயிரத்து முன்னூறு பேரின் விரலில் குத்தி ரத்த வகை பார்த்தார்கள். மூன்று மாதம் உட்கார்ந்து அந்தப் பெயர்களைக் கம்ப்யூட்டரில் ஏற்றியவன் நான். மேலப்பாளையம் பீர் முகம்மது பாய் துபாயில் இருந்து வரும்போது ஒரு டிஸ்க் கொண்டுவந்து அன்பளிப்பாகக் கொடுத்தார். கம்ப்யூட்டருக்கு வெளியே, டிபன் பாக்ஸ் அளவில், தனி அடாப்டரோடு, பிரிண்டர் சொருகும் இடத்தில் சொருகுவது. மாவட்டத்தில் அப்போது வேறு எவரிடமும் இல்லாத பொருள். இரண்டாயிரத்து முன்னூறு பேரும் ஒரே ஃப்ளாப்பிக்குள் அடங்கிவிடுவார்கள். ஆனால் ஃப்ளாப்பிக்கு ரிப்பன் கட்டித் திறப்பு விழா நடத்த முடியாது. ஆகவே பட்டியல் டிஸ்கில் மட்டும் வைக்கப்பட்டது. மிச்ச இடத்தில் கைலாசம் பொன்னாடை போர்த்திக்கொள்ளும் படங்கள்.

ஃப்ளாப்பியிலும் ஒரு நகல் இருக்கட்டும் என்று சொன்னேன். “அந்தத் தகட்டை எவன் வே பாப்பான்?” என்றார். மூலப் படிவங்களையாவது வைத்திருக்கச் சொன்னேன். “காகிதமில்லாப் பேரவை” என்று நோட்டீஸ் அடித்து, படிவங்களை மூட்டையாகக் கட்டிப் பழைய பேப்பர் கடைக்குப் போட்டார்கள். அதற்கும் புகைப்படக்காரரை வரவழைத்தார்கள். குத்து வாங்கியவர்களுக்குத் தங்கள் வகை என்ன என்று தெரியாது. அதற்கான அட்டையை ஒரு பிரமுகர் கையால்தான் வழங்க வேண்டும், பிரமுகரின் தேதி கிடைக்கவில்லை. ஆக, இந்த ஊரில் யார் உடம்பில் என்ன ரத்தம் ஓடுகிறது என்பது அந்த டிபன் பாக்ஸுக்கு மட்டுமே தெரியும் என்ற நிலைமை.

திறப்பு விழாவில் பந்தல் போட்டவருக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். ஒலிபெருக்கி வைத்தவருக்கும் போர்த்தினார்கள். நான் மேடைக்குப் பின்னால் ஒயரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். இதைக் குறையாகச் சொல்லவில்லை. எனக்கு அந்த மாதிரி ஆசைகள் கிடையாது. இருந்ததை இருந்தபடி எழுதுகிறேன்.

ஆயுத பூஜைக்கு மறுவாரம் செவ்வாய்க்கிழமை, டிஸ்கைத் துண்டில் சுற்றி எடுத்துக்கொண்டு கைலாசம் கடைக்கு வந்தார்.

“என்ன வே மெக்கானிக், இது பல்லி மாதிரி டிக்கு டிக்குங்கு. பேரு ஒண்ணும் வரமாட்டேங்கு. என்ன சீக்குன்னு பாரும்.”

துண்டைப் பிரித்தேன். உச்சியில் குங்குமம், நான்கு முனையிலும் சந்தனம், பின்பக்கத்தில் ஒரு வாடிய செவ்வந்தி.

“பூஜையில வச்சியளா சார்?”

“பின்ன? வீட்டுல கோமுதான் வச்சா. வட்டமா ஓட்டை இருந்த எடமெல்லாம் கண்ணு மாதிரி இருக்குன்னு, பாத்துப் பாத்துப் பொட்டு வச்சா.”

வட்டமாக இருந்த ஓட்டை, அடாப்டர் சொருகும் ஓட்டை. அதில் சந்தனம் நிறைந்து இறுகியிருந்தது. கரன்ட் போவதும் நிற்பதுமாக இருந்ததால் உள்ளே மோட்டார் சுழல முயன்று முயன்று நின்றது. அந்தச் சத்தம்தான் அது. பார்த்த உடனே எனக்குத் தெரிந்துவிட்டது. ஆனால் அவரிடம், “உள்ள அடி வாங்கியிருக்கு சார், பொழைக்கது கஷ்டம்” என்றேன்.

கைலாசத்தின் முகம் சுருங்கிவிட்டது. “ஞாயித்துக்கெழமை முப்பெரும் விழா வே. மதுரையில இருந்தெல்லாம் ஆள் வாராவ. மானம் போயிரும்.”

“ஞாயித்துக்கெழமைக்குள்ள பாக்கேன். உறுதி சொல்ல முடியாது.”

அவர் படியிறங்கிய பிறகு பிரஷ்ஷை எடுத்தேன். இருபது நிமிடத்தில் டிஸ்க் ஓடியது. இரண்டாயிரத்து முன்னூறு பெயரும் அப்படியே இருந்தன. ஒன்றுகூடக் கெடவில்லை. ஃப்ளாப்பியில் ஒரு நகல் எடுத்தேன். பிரிண்டரிலும் ஒன்று அடித்து மேசை இழுப்பறையில் வைத்தேன். அந்தத் தாளின் தலையில் தேதி விழுந்திருப்பதை ஆய்வாளர் அவர்களே காட்டினார்கள். செவ்வாய்க்கிழமைதான். மறுக்கவில்லை.

திட்டம் எளியது. விழா மேடையில், செத்துப்போன டிஸ்க் என்று எல்லோரும் நம்பியிருக்கும்போது, நான் வந்து ஒயரைச் சொருகுவேன். திரையில் பெயர்கள் ஓடும். அவ்வளவுதான். இதில் எவருக்கும் தீங்கு இல்லை. ஒரு தொழிலின் அருமையை, அது தெரியாதவர்களுக்கு எடுத்துக்காட்டுவது.

வியாழக்கிழமை பகல் பதினொரு மணிக்கு ஓர் இளைஞர் ஸ்கூட்டரைச் சாய்த்துப் போட்டுவிட்டு ஓடி வந்தார். சட்டைப் பித்தானை மாற்றிப் போட்டிருந்தார். பெயர் சிவசங்கரன். மனைவி சுகிர்தா, ஆரம்பப் பள்ளி டீச்சர். காலையில் பெண் குழந்தை பிறந்திருக்கிறது. தாய்க்கு ரத்தப்போக்கு நிற்கவில்லை. ஓ நெகடிவ். ஆஸ்பத்திரியில் இருந்த ஒரே பாட்டிலையும் ஏற்றிவிட்டார்கள். சொந்தக்காரர்களில் எவருக்கும் சேரவில்லை. மதுரைக்குக் கார் போயிருக்கிறது, திரும்பி வர மாலை ஆகும்.

“கைலாசம் சார் ஒங்களத்தான் போயிப் பாக்கச் சொன்னாவ. ஒரே ஒரு பேரு எடுத்துத் தந்தியள்னா போதும் அண்ணாச்சி. நான் போயி கால்ல விழுந்தாவது கூட்டிட்டு வந்துருவேன்.”

டிஸ்க் எதிரே மேசையில் இருந்தது. அதைத் தூக்கிக் காட்டினேன். அன்றைக்கு அடாப்டரைச் சொருகவில்லை, ஆகவே சத்தமும் இல்லை. “உயிர் இல்ல தம்பி” என்றேன். அவர் அதைக் கையில் வாங்கி, காதருகே வைத்துப் பார்த்தார். படித்தவர். இருந்தும் காதில் வைத்துப் பார்த்தார்.

ஓ நெகடிவ் என்று பட்டியலில் ஒன்பது பேர். சீவலப்பேரியில் இருவர், மேலப்பாளையத்தில் மூவர், மற்றவர்கள் டவுனிலும் ஜங்ஷனிலும். ஒருவர் மட்டும் தெற்கு பஜார். இதை அப்போது இழுப்பறையைத் திறந்து பார்த்துத் தெரிந்துகொண்டேன் என்று எண்ண வேண்டாம். செவ்வாய்க்கிழமையே படித்துவிட்டேன். எனக்கு ஞாபகசக்தி அதிகம்.

சிவசங்கரனை முக்காலியில் உட்காரவைத்து, எதிர்க்கடைக்குக் கை காட்டி ஒரு டீ சொன்னேன். மனிதாபிமானம் என்பதை நான் பேரவையில் கற்கவில்லை. டீயை அப்பாத்துரை அண்ணாச்சியே கொண்டுவந்தார். விஷயத்தைக் கேட்டதும் தம்ளரை மேசையில் வைத்துவிட்டு, இடுப்பில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்தார்.

“எந்திரிங்க தம்பி. எனக்குப் பாத்து எடுத்துக்கிடட்டும். கேம்புல எனக்கும் குத்துனாவ. என்ன வகைன்னு கேட்டா அட்ட தாரோம் அட்ட தாரோம்னு ஒரு வருசமா சொல்லுதாவ.”

அந்த ஒன்பது பேரில் நான்காவது பெயர் அவருடையது.

நான் சொன்னது இது. ஒரு சொல்கூட மாற்றாமல் எழுதுகிறேன். “வகை தெரியாம போயி அங்கன நெரிசலக் கூட்டாதீரும் அண்ணாச்சி. நூறு பேர்ல ஒருத்தருக்குக்கூட இருக்காது. உமக்கு ரத்தம் எடுத்து, பாத்து, இல்லன்னு சொல்லுததுக்குள்ள அவங்களுக்கு நேரம் போயிரும். அடுப்புல பால் பொங்குது பாரும்.”

அவர் என்னை நம்பினார். கம்ப்யூட்டர் தெரிந்தவன் என்று இந்த பஜாரில் எனக்கு ஒரு மரியாதை உண்டு. சிவசங்கரனும் நம்பினார். டீயைக் குடிக்காமல் போய்விட்டார்.

பெயரைச் சொல்லாவிட்டாலும், அண்ணாச்சியைச் சும்மா அனுப்பியாவது இருக்கலாமே என்று ஆய்வாளர் அவர்கள் கேட்டார்கள். நியாயமான கேள்வி. நானும் அதை யோசித்தேன். ஆனால் அப்படி எதிர்க்கடையில் இருந்து எழுந்து போகிறவர் ரத்தமே சேர்ந்துவிட்டால், பட்டியல் இல்லாமலும் காரியம் நடக்கும் என்று ஊர் முடிவு கட்டிவிடும். அப்புறம் ஞாயிற்றுக்கிழமை நான் எதை மீட்டுக் காட்டுவது? தவிர, மதுரையில் இருந்து வந்துகொண்டுதான் இருந்தது. மாலை ஆறு மணிக்கு வந்தும் சேர்ந்தது. சுகிர்தா டீச்சர் ஐந்து இருபதுக்கு இறந்துவிட்டார். நாற்பது நிமிட வித்தியாசத்தை எவராலும் முன்கூட்டிக் கணிக்க முடியாது.

ஞாயிற்றுக்கிழமை விழா நல்லபடியாக நடந்தது. முதலில் டீச்சருக்காக இரண்டு நிமிட மௌனம். நாற்பதாவது விநாடியில் கைலாசம் ஒரு கண்ணைத் திறந்து புகைப்படக்காரர் வந்துவிட்டாரா என்று பார்த்தார். அப்படிப்பட்ட மனிதர். பிறகு இப்படியொரு சாவு இனி நிகழக் கூடாது என்று உருக்கமாகப் பேசி, மேடையிலேயே ஒருமுறை சொருகிப் பார்க்க என்னை அழைத்தார். நான் சொருகினேன். பெயர்கள் ஓடின. மண்டபம் எழுந்து நின்று கைதட்டியது. இரண்டு பெண்கள் கண்ணைத் துடைத்தார்கள். கைலாசம் தன் கையால் பொன்னாடை போர்த்தினார். பட்டு என்றார், வெறும் ஜிகினா. அதை நான் மதித்து வைத்திருக்கவில்லை. கடையில் மானிட்டர் மேல் தூசு விழாமல் போர்த்தியிருக்கிறேன். வாரம் ஒருமுறை துவைத்து இஸ்திரி போடுவது துணி கெடாமல் இருப்பதற்காக.

மார்கழியில் பிரமுகரின் தேதி கிடைத்து அட்டைகள் வழங்கினார்கள். மறுநாள் காலை அப்பாத்துரை அண்ணாச்சி சாலையைக் கடந்து வந்தார். கையில் டீ இல்லை, அட்டை இருந்தது. எழுத்துக் கூட்டிப் படித்தார். பிறகு என் முகத்தைப் பார்த்தார்.

“அன்னைக்கு அந்தப் பையன் வந்து நிக்கையில, என் பேரு ஒமக்குத் தெரியுமாலே?”

என்னைவிட மூத்தவர், மரியாதையாகப் பேசும் பழக்கம் உள்ளவர். கலங்கிப் போயிருந்ததால் ‘ஒமக்கு’ என்று ஆரம்பித்து ‘லே’ என்று முடித்தார். நான் பொய் சொல்லவில்லை. தெரியும் என்றேன். அவர் தன் இடது கையை, ரத்தம் எடுக்கும் இடத்தை, வலது கையால் பிடித்துக்கொண்டே படியிறங்கினார். அங்கிருந்து நேராகச் சிவசங்கரன் வீட்டுக்குப் போயிருக்கிறார். அதன் பின் நடந்தவை தங்களுக்குத் தெரியும்.

செவ்வாய்க்கிழமையே டிஸ்க் சரியாகிவிட்டது. பட்டியல் என் இழுப்பறையில் இருந்தது. புறப்பட்ட மனிதரைத் தெரிந்தே தடுத்தேன். இவை அனைத்தையும் நான் சுயநினைவோடு செய்தேன் என்று ஒப்புக்கொண்டு கையெழுத்திடுகிறேன். சிவசங்கரன் தம் புகாரில் எழுதியிருக்கும் ‘கொன்றான்’ என்ற சொல்லை மட்டும் ஏற்பதற்கில்லை. வியாழக்கிழமை கேட்டதை ஞாயிற்றுக்கிழமை கொடுத்தேன். எங்கள் தொழிலில் மூன்று நாளைத் தாமதம் என்று எவரும் சொல்வதில்லை.