துடைக்காத குழல்

மேடையில் இருக்கும் டாக்டர் ஐயாவுக்கும், சங்கத்துப் பெரியவர்களுக்கும், கீழே உட்கார்ந்திருக்கும் தாய்மார்களுக்கும், அவர்கள் மடியில் உட்காராமல் நாற்காலிகளுக்கு நடுவே ஓடிக்கொண்டிருக்கும் பிள்ளைகளுக்கும் வணக்கம். ஓடுகிற பிள்ளைகளை யாரும் அதட்ட வேண்டாம். நம் குழல் சிஸ்டர் இருந்திருந்தால், "ஓடட்டும் விடுங்க, ஓடத்தானே மருந்து குடுத்தோம்" என்றுதான் சொல்லியிருப்பார்.

சிஸ்டருக்கு அப்பா அம்மா வைத்த பேர் ஒன்று உண்டு. அதைச் சொல்லி யார் கூப்பிட்டோம்? வீசிங் வந்த பிள்ளைகளுக்கு மருந்தை உறிஞ்சக் கற்றுக்கொடுத்தவர். இன்ஹேலரில் மாட்டுகிற அந்தப் பிளாஸ்டிக் குழல் எந்நேரமும் அவர் கையில் இருக்கும். ஆஸ்பத்திரி வாட்ச்மேன் ஒருநாள் குழல் சிஸ்டர் என்றான். ஊரும் அப்படியே பிடித்துக்கொண்டது. அந்த வாட்ச்மேன் வைத்த பேர் எதுவும் வீணாகப் போனதில்லை. எனக்கு ஒன்று வைத்திருக்கிறான், அது இந்த மேடைக்கு வேண்டாம்.

நான் டீக்கடைக்காரன். மைக்கைக் கையில் கொடுத்துவிட்டார்கள், இனி நிறுத்துவது உங்கள் சாமர்த்தியம்.

என் தம்பி மகளுக்குச் சின்ன வயதிலிருந்தே வீசிங். படி ஏறினால் நெஞ்சு விசில் அடிக்கும். காலையும் மாலையும் இன்ஹேலர் போட்டும் குறையவில்லை. தம்பிக்கு அலுத்துவிட்டது. "அண்ணே, மருந்தையும் நிறுத்துறேன், பள்ளிக்கூடத்தையும் நிறுத்துறேன். வீட்டோட இருந்தா மூச்சாவது மிஞ்சும்" என்றான். பிள்ளை பைக்கட்டைக் கட்டிப்பிடித்துக்கொண்டு மூலையில் நிற்கிறது. பெரியப்பன் நான் என்ன சொல்ல முடியும்? இருவரையும் சிஸ்டரிடம் கூட்டிப் போனேன்.

சிஸ்டருக்கு ஒரு பழக்கம். அவர் முதலில் சொல்லித்தர மாட்டார். "எனக்கு நீ சொல்லிக் குடு" என்பார் பிள்ளையிடம். பிள்ளை குலுக்கியது, மாட்டியது, வாயை இறுக்கியது, மெதுவாக இழுத்தது, மூச்சை அடக்கியது. ஒரு தப்பும் இல்லை.

"எல்லாம் சரியாத்தானே செய்யுற. அப்புறம் மருந்து எங்க போகுது? எனக்குப் புரியலையே" என்றார் சிஸ்டர். தம்பியைப் பார்த்து, "நான் வீட்டுக்கு வந்து பாக்குற வரைக்கும் எதையும் நிறுத்தாத. மூச்சு ரொம்ப முட்டுச்சுன்னா மட்டும் யோசிக்காம தூக்கிட்டு ஓடி வா" என்றார்.

வந்தார். இந்த இடத்தில் என் தம்பி பெண்சாதியைப் பற்றிச் சொல்ல வேண்டும். கடையில் கிளாஸ் கழுவுவது அவள்தான். அவள் வீட்டில் ஈ உட்கார வந்தால்கூடக் காலைத் துடைத்துவிட்டுத்தான் உட்காரும். அப்படிச் சுத்தம். சிஸ்டர் வந்திருக்கிறாரே என்று, குழலைக் கழுவி, காய்ந்த துணியால் தேய் தேய் என்று தேய்த்துப் பளபளவென்று நீட்டினாள்.

"ஏம்மா, தினமும் இப்படித்தான் தேய்ப்பியா?"

"பின்ன? புள்ள வாயில வைக்கிறது சிஸ்டர். ஈரத்தோட வச்சா நாலு பேரு சிரிப்பாங்களே."

சிஸ்டர் பழைய பேப்பரைப் பொடிப்பொடியாகக் கிழித்து மேசையில் போட்டார். தேய்த்த குழலை மேலே காட்டினார். பேப்பர் துண்டெல்லாம் துள்ளி எழுந்து குழலில் ஒட்டிக்கொண்டது. பிள்ளை சிரித்துவிட்டது. அம்மாக்காரி சிரிக்கவில்லை.

"மருந்தும் இப்படித்தாம்மா, குழல்லயே ஒட்டிக்கிட்டு நிக்குது. புள்ள நெஞ்சுக்குப் போறதே கொஞ்சம்தான். சோப்புத் தண்ணியில அலசு, உதறு, தானா காய விடு. துணி மட்டும் படக் கூடாது."

"அப்ப நானே எம்புள்ளைக்கு..."

"நீ சுத்தமா இருந்த. அதுக்கு எந்த ஊர்ல தண்டனை? துடைக்காதேன்னு முன்னாடியே நாங்க சொல்லியிருக்கணும்" என்று அவள் கையைப் பிடித்துக்கொண்டார். பிறகு டீயைக் குடித்துவிட்டு, "சக்கரை தூக்கல்" என்று என்னையும் ஒரு பிடி பிடித்துவிட்டுத்தான் போனார்.

பிள்ளை தேறியது. பள்ளிக்கூடம் நிற்கவில்லை. இப்போது அவள் படி ஏறினால் செருப்புச் சத்தம்தான் கேட்கிறது. இதைவிட ஒரு மனுஷிக்கு என்ன மாலை வேண்டும்? நம் சிஸ்டர் நோய் நொடி இல்லாமல் தூக்கத்தில் போய்ச் சேர்ந்தார். நிறைவாக வாழ்ந்தவருக்கு நாம் நிறைவாகத்தான் விடை கொடுக்க வேண்டும்.

சனிக்கிழமைதோறும் காலையில் ஆஸ்பத்திரியில் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்க அவர் உட்கார்ந்த நாற்காலியில் இனி யார் என்று டாக்டர் ஐயா கேட்டார். நேற்று என் தம்பி பெண்சாதி வந்து நின்றாள். "மாமா, எனக்கு மேடையில பேச வராது. அந்த நாற்காலிக்குப் பக்கத்துல உக்கார வரும். மருந்து விஷயம் டாக்டர் பாக்கட்டும், கழுவுற விஷயம் நான் பாக்குறேன்" என்றாள். டாக்டர் ஐயாவும் சரி என்றுவிட்டார். வருகிறவர்களுக்கு டீ என் பொறுப்பு, சர்க்கரை குறைத்து.

ஆகவே தாய்மார்களே, சனிக்கிழமை கதவு திறந்திருக்கும். பிள்ளையையும் குழலையும் கொண்டு வாருங்கள். குழல் ஈரமாக இருக்கிறதே என்று வெட்கப்பட வேண்டாம். சொட்டச் சொட்டக் கொண்டு வாருங்கள்.