கண் திறக்கும் வெள்ளை

"அம்மனுக்கு உன் சாடைதானே பிள்ளே?" என்று ஏரல் பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஒரு அக்கா என்னைக் கேட்டார். நல்ல மனதோடுதான் கேட்டார். நான் என் ஊர் வருமுன்னே இறங்கி, மிச்சத் தூரத்தை நடந்தேன்.

என் அப்பா சொரிமுத்து, ரோட்டில் படம் வரைகிறவர். திருச்செந்தூருக்கு நடந்து போகிறவர்கள் கண்ணில் படும்படி, கரியும் செங்கல்லும் கலர்ப்பொடியும் வைத்து அம்மன் முகம் போடுவார். கும்பிட்டுக் காசு போடுவார்கள். அந்த முகம் என் முகம். நான் யாரையும் நிமிர்ந்து பார்த்துப் பேசாதவள். என் முகம் மட்டும் ஊர் ஊராக மல்லாந்து கிடந்தது.

ஒன்பதாம் வகுப்பில் கூடப் படித்த பையன்கள் அதைக் கண்டுகொண்டார்கள். "ஏலே, இங்கன பாரு, நம்ம பேச்சித்தாய் கிடக்கா" என்றான் ஒருவன். இன்னொருவன் ஒரு ரூபாயை அதன் மூக்கில் வைத்து, "மூக்குத்தி போட்டாச்சு, இனி பொண்ணு கேட்டு வரலாம்லே" என்றான். மூன்றாமவன் செருப்புக் காலால் உதட்டைத் தேய்த்தான். நான் பஸ் நிறுத்தத்துக்குப் பின்னால் நின்று பார்த்தேன். மறுநாளிலிருந்து பள்ளிக்கூடம் போகவில்லை. வயிற்றுவலி என்றேன். வீட்டில் நம்பினார்கள்.

அப்பாவிடம் ஒருமுறை சொன்னேன். "வேற மூஞ்சி போடுப்பா."

"வேற எதுவும் கைக்கு வரமாட்டேங்கு, ஏட்டி" என்று சிரித்தார். "உன் மூஞ்சிதான் நமக்குச் சோறு போடுது. கோவிச்சுக்கிடாத."

பிறகு, பாளையங்கோட்டையில் ஓவியக்கூடம் வைத்திருக்கும் ரிச்சர்ட் அண்ணன், அப்பாவின் படங்களை மட்டும் வைத்து ஒரு கண்காட்சி ஏற்பாடு செய்தார். ரோட்டுப் படங்களைப் போட்டோ எடுத்து ஆளுயரத்துக்குப் பெரிதாக்கியிருந்தார். முந்தின நாள் அவற்றை மாட்டும்போது நானும் போயிருந்தேன். நாலு சுவரிலும் நான்.

"நாளைக்கு உங்க அப்பா தரையிலயும் ஒண்ணு போடுதாரு. நீ பக்கத்துல உக்காரணும் பிள்ளே. ஆளுக படத்தையும் உன்னையும் சேத்துப் பாக்கணும்லா" என்றார் ரிச்சர்ட் அண்ணன். அப்பா பெருமையாகத் தலையாட்டினார். என்னை யாரும் கேட்கவில்லை.

அம்மனுக்குக் கண் கடைசியில்தான் திறப்பார்கள். அதுவரை கண் இருக்க வேண்டிய இடம் வெறும் தரை. அப்பா வெள்ளையைக் கண்ணுக்கு மட்டும்தான் எடுப்பார். கோலக்கல்லை இடித்துச் சலித்து வெள்ளைக்கென்று இருந்த டப்பாவில் அடைப்பது என் வேலை. கண் வராவிட்டால் அது நான் இல்லை என்று நினைத்தேன். அவ்வளவுதான் நினைத்தேன்.

வீட்டுக்கு வெள்ளையடிக்க வாங்கிய சுண்ணாம்புக் கல் சாக்கில் மீதி இருந்தது. ஈரம் பட்டால் அது கொதிக்கும் என்பது எல்லாருக்கும் தெரிந்ததுதான். அதை இடித்துச் சலித்து டப்பாவில் அடைத்தேன். இடிக்கும்போது என் கண்ணிலும் மூக்கிலும் படாமல் முகத்தைத் துணியால் சுற்றிக்கொண்டேன்.

கண்காட்சிக்கு நிறையப் பேர் வந்தார்கள். கண் திறக்கும் நேரம் வந்ததும் பேச்சு அடங்கியது. ஒரு பெரியவர் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார். அப்பா வெள்ளையை அள்ளித் தூவினார். ஓரம் மெத்தென்று வரவேண்டும் என்பதற்காக, வழக்கம்போலத் தரையோடு முகத்தைத் தாழ்த்தி ஊதினார்.

அவருடைய வலது கண் போய்விட்டது. இடது கண்ணில் வெளிச்சம் மட்டும் தெரிகிறதாம்.

சுண்ணாம்பு எப்படி வந்தது என்று டாக்டர் கேட்டார். "டப்பாவை மாத்தி எடுத்துட்டேன்யா, என் புத்திய என்னத்தச் சொல்ல" என்றார் அப்பா. பார்க்க வந்தவர்களிடமும் அதையே சொன்னார். நான் அவர்களுக்குக் காபி கொண்டுபோய்க் கொடுத்தேன். நல்ல பிள்ளை என்றார்கள். இப்போது எனக்கு எல்லாவற்றையும்விட வெட்கமாக இருப்பது அந்தக் காபிதான்.

நேற்று அம்மா கடைக்குப் போயிருந்தபோது அப்பாவிடம் சொன்னேன். படத்துக்குக் கண் வரக்கூடாது என்றுதான் செய்தேன், விரல் கொஞ்சம் எரியும், வேலையை நிறுத்திவிடுவாய் என்று நினைத்தேன், வேறு எதுவும் நினைக்கவில்லை என்றேன்.

அப்பா பையக் கேட்டார். "நான் ஊதுவேன்னு உனக்குத் தெரியாதா, ஏட்டி?"

நடக்கப் பழகிய நாளிலிருந்து பக்கத்தில் உட்கார்ந்து அதைப் பார்த்தவள் நான். எப்படி ஊத வேண்டும் என்று எனக்கும் சொல்லிக்கொடுத்திருக்கிறார்.

"தெரியும்ப்பா" என்றேன்.

அப்பா எழுந்தார். வாசல் எந்தப் பக்கம் என்று கையை நீட்டித் துழாவினார். நான் போய்ப் பிடித்தேன். என் கை என்று தெரிந்ததும் தன் கையை உருவிக்கொண்டு, சுவரைத் தேடிப் பிடித்து, அதைத் தடவியபடி வெளியே போனார்.