பக்கத்து வீட்டுப் பெண்ணைப் பற்றி நான் சொன்னது

ஆகஸ்ட் மாதத்துத் தக்காளிக்கு இலையில் தண்ணீர் படக்கூடாது. வேரில்தான் விடவேண்டும், அதுவும் வெயில் ஏறுவதற்கு முன்னால். இது தெரியாமலே பாதிப்பேர் தோட்டம் போட்டுவிட்டு, பழம் வெடித்துப்போயிற்று என்று புலம்புகிறார்கள். உட்காருங்கள் ரிஸ்வோன், டீ எடுத்துக்கொள்ளுங்கள். நம் பேட்டை மஹல்லாவின் பெண்கள் கமிட்டியிலிருந்து நோட்டும் பேனாவுமாக நீங்கள் வந்திருப்பது எதற்கென்று எனக்குத் தெரியும். நான் எதையும் மறைக்கப்போவதில்லை. முப்பது வருடம் பதப்படுத்தும் தொழிற்சாலையில் தர ஆய்வாளராக இருந்தவள் நான். பெல்ட்டில் ஓடிவரும் தக்காளியில் எது சொத்தை என்று சொல்வதுதான் வேலை. அதில் பொய் சொல்லிப் பிழைக்கமுடியாது.

இரண்டு வருடத்துக்கு முன் எனக்கு முழங்காலில் ஆபரேஷன் ஆனது உங்களுக்கு நினைவிருக்கும். அதற்குப் பிறகு என்னால் குனிய முடியவில்லை. பக்கத்து வீட்டு ஒய்னிசாவின் மகள் பர்னோதான், எங்கள் இரண்டு முற்றங்களுக்கும் நடுவில் உள்ள சின்னக் கதவு வழியாக வந்து தோட்டத்தைப் பார்த்துக்கொண்டாள். நானாகக் கூப்பிடவில்லை, அவளாகத்தான் வந்தாள். எங்கள் சந்துக்கு வாய்க்கால் முறை செவ்வாயும் சனியும், விடியற்காலை நாலு மணிக்கு. அவள் டார்ச்சும் மண்வெட்டியுமாகப் போய் மடையைத் திறந்து, முதலில் என் பாத்திகளுக்கு விடுவாள், பிறகு அவர்களுடையதற்கு. அந்த வரிசை மட்டும் நான் கேட்டுக்கொண்டது. அவளுக்குக் கைராசி. இந்தக் கோழிக்கொண்டைப் பூவைப் பாருங்கள். என் கையில் இருந்தவரை இது சுண்டுவிரல் உயரம்கூட வந்ததில்லை.

சரி, நீங்கள் கேட்கவந்ததுக்கு வருகிறேன். பெண் கேட்டு வருகிறவர்கள் நேரே பெண் வீட்டுக்குள் நுழைவதில்லை. முதலில் பக்கத்து வீட்டுக் கதவைத்தான் தட்டுவார்கள். ஒய்னிசாவுக்கு இந்தப் பக்கத்து வீடு நான் ஒருத்திதான். அந்தப் பக்கம் பள்ளிக்கூடச் சுவர்.

ஜூலையில் கோகந்திலிருந்து இரண்டு பேர் வந்தார்கள். நல்ல மனிதர்கள், பட்டு முக்காடு.

"பொண்ணு எப்படி அக்கா?"

"தங்கமான பொண்ணு. விடியக்காலம் நாலு மணிக்கே எழுந்து வெளிய போயிடும்."

"நாலு மணிக்கா? தனியாவா?"

"தனியாத்தான். கையில ஒரு டார்ச் இருக்கும். திரும்பி வரும்போது முழங்கால் வரைக்கும் சேறு."

இதில் எது பொய், நீங்களே சொல்லுங்கள். எதற்குப் போகிறாள் என்று கேட்டிருந்தால் தண்ணீர் விட என்று சொல்லியிருப்பேன். அவர்கள் கேட்கவில்லை. ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு, டீயைப் பாதியில் வைத்துவிட்டு, ஒய்னிசா வீட்டு வாசலைத் தாண்டிப் போய்விட்டார்கள். முதல் தடவை எனக்கே கொஞ்சம் சங்கடமாக இருந்தது. மறுநாள் பர்னோ ஒரு கூடைக் கத்தரிக்காய் பறித்துக்கொண்டு வந்து வைத்தாள். ஒன்றில்கூடப் புழு இல்லை. சங்கடம் போய்விட்டது.

அடுத்து ஃபெர்கானாவிலிருந்து ஒரு குடும்பம். பெண்ணின் உடம்பு எப்படி என்று கேட்டார்கள். "இப்போ பரவாயில்ல" என்றேன். மார்ச் மாதம் அவளுக்கு ஜலதோஷம் இருந்தது. மூன்றாவதாக வந்த அம்மாள், "வாயாடுமா?" என்று கேட்டாள். "மனுஷங்ககிட்ட அதிர்ந்து ஒரு வார்த்தை பேசாது. செடிங்ககிட்டதான் மணிக்கணக்கா பேசும். சில நேரம் தானா சிரிச்சுக்கும்" என்று உள்ளதைச் சொன்னேன். அந்த அம்மாள் செருப்பைக்கூடச் சரியாக மாட்டிக்கொள்ளாமல் போனாள்.

ஒய்னிசா இந்த முற்றத்தில்தான் உட்கார்ந்து அழுதாள். "எந்தக் கண்ணு பட்டுச்சோ அக்கா. சந்து வரைக்கும் வர்றாங்க, வாசப்படி ஏறமாட்டேங்கறாங்க. பொண்ணுக்கு இருபத்தஞ்சு ஆகப்போகுது." அவளைக் கட்டிக்கொண்டு நானும் அழுதேன். அது நிஜமான அழுகை, எழுதிக்கொள்ளுங்கள். திருஷ்டிக்குப் புகை போட மூலிகை இரண்டு கட்டு என் தோட்டத்திலிருந்தே கொடுத்தேன். பர்னோ வளர்த்தது.

செப்டம்பர் முதல் வாரம், பர்னோ காசித்தும்பைப் பூவைப் படிகாரம் சேர்த்து அரைத்து, சிவப்பேற என் நகங்களுக்கு வைத்து இலையால் கட்டிக்கொண்டிருந்தாள். அப்போதுதான் சொன்னாள்.

"சித்தி, சனிக்கிழமை குவாவுல இருந்து வர்றாங்க. நம்ம மஹல்லா ஆடுங்களுக்கு ஊசி போட வந்தாரே இல்ஹோம், அவரோட அம்மா. முதல்ல உங்க கதவைத்தான் தட்டுவாங்க."

"தட்டட்டும்."

"நல்லதா நாலு வார்த்தை சொல்லுங்க சித்தி. எனக்கு அவரை ரொம்பப் பிடிச்சிருக்கு. இதுவும் போச்சுன்னா அம்மா தாங்கமாட்டாங்க. நானும்தான்."

"சொல்றேன்டி கண்ணு" என்றேன். நான் ஒன்றும் கல் இல்லை, நல்லதாகச் சொல்லத்தான் நினைத்தேன். ஆனால் அவள் தோளுக்குப் பின்னால் கடைசிக் காய்ப்புத் தக்காளி பச்சையாகத் தொங்கிக்கொண்டிருந்தது. டாலியா அப்போதுதான் மொட்டு விட்டிருந்தது. ஊறுகாய்க்கு வெள்ளரி இன்னும் இரண்டு பறிப்பு இருந்தது. குவா இங்கிருந்து காரில் முக்கால் மணி நேரம். அங்கே வாழ்க்கைப்பட்டவள் இங்கே நாலு மணிக்கு மடை திறக்க வருவாளா? நீங்கள் வருவீர்களா?

சனிக்கிழமை காலை இல்ஹோமின் அம்மா வந்தாள். அகலமான பெண்மணி, கையெல்லாம் காய்ப்பு. வழக்கம்போல நாலு மணியில் ஆரம்பித்தேன்.

"நாலு மணிக்கே எழுந்துக்குமா?" என்று அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "எங்க வீட்டுல ஆறு பசு இருக்கு அக்கா. மூத்த மருமக எட்டு மணிக்குத்தான் கண்ணே தொறப்பா. சேத்துல வேற இறங்குமா? அடி என் ராசாத்தி."

"இப்போ உடம்பு பரவாயில்ல" என்றேன்.

"உடம்புதானே, என் பையன் டாக்டரு."

"மாட்டு டாக்டர்தானே."

"பசுவையே பொழைக்க வைக்கிறான், பொண்டாட்டியை விட்டுடுவானா?"

செடிகளோடு பேசும் என்றேன். தானும் பசுக்களோடு பேசுவேன் என்றாள். முப்பது வருட வேலையில் நான் ஒதுக்கிய பழத்தை யாரும் இப்படிக் கையில் எடுத்து முத்தமிட்டதில்லை. அவள் எழுந்து, நிச்சயத்துக்குக் கொண்டுவந்த ரொட்டி மூட்டையைச் சரிசெய்துகொண்டு, ஒய்னிசா வீட்டுக்குக் கிளம்பிவிட்டாள். கதவருகில் போனபோது சொன்னேன்.

"சொல்ல மறந்துட்டேன். பர்னோவை எங்க தோஹிருக்குப் பேசி முடிச்சிருக்கு."

தோஹிர் என் மகன், ரஷ்யாவில் செல்யாபின்ஸ்கில் இருக்கிறான். ஒருவருக்குப் பேசிய பெண்ணை இன்னொருவர் கேட்பது எவ்வளவு கேவலம் என்று உங்களுக்குத் தெரியும். அவள் முகம் சுருங்கிப்போயிற்று. என்னிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு, வந்த காரிலேயே திரும்பிவிட்டாள்.

அதுவரை நான் ஒரு பொய்யும் சொன்னதில்லை, அதனால் அன்று மனசு உறுத்தியது. சொன்னதை உண்மையாக்கிவிட்டால் அது பொய்யில்லை என்று தோன்றியது. மத்தியானம் இரண்டு ரொட்டியை வெள்ளைத்துணியில் கட்டிக்கொண்டு ஒய்னிசா வீட்டுக்குப் போனேன். குவாக்காரர்களுக்காகப் பரப்பி வைத்த விருந்து அப்படியே இருந்தது. அவள் அதன் முன்னால் உட்கார்ந்து விம்மிக்கொண்டிருந்தாள். பர்னோ கடைக்குப் போயிருந்தாள்.

"அழாதே ஒய்னிசா. வெளியாள் எதுக்கு? என் தோஹிருக்குக் குடு."

"தோஹிர் வந்து பதினோரு வருஷம் ஆச்சே அக்கா."

"அவன் வந்தா என்ன, வராட்டி என்ன? நான் இருக்கேன் இல்ல?"

அவள் என் காலைக் கட்டிக்கொண்டு அழுதாள். இருவரும் ரொட்டியைப் பிட்டோம். ரொட்டி பிட்டால் நிச்சயம் ஆயிற்று, இனி யாரும் மாற்றமுடியாது. தோஹிருக்கு அங்கே பெண்டாட்டியும் இரண்டு பிள்ளைகளும் இருப்பதாகச் சொல்கிறார்கள். இருக்கலாம். அவனிடம் நான் கேட்டதில்லை, இந்த நிச்சயத்தைப் பற்றி இன்னும் சொல்லவும் இல்லை. தோட்ட வேலைக்கு அவன் சின்ன வயதிலிருந்தே உதவமாட்டான்.

ஞாயிற்றுக்கிழமை இல்ஹோம் பர்னோவுக்குப் போன் செய்து, உனக்கு முன்பே நிச்சயம் ஆகிவிட்டதாமே என்று கேட்டிருக்கிறான். குவாக்காரி கேட்டது காலையில், ரொட்டி பிட்டது மத்தியானம். பெண் கணக்கில் கெட்டிக்காரி. நேரே சின்னக் கதவு வழியாக வந்து தக்காளிப் பாத்தியில் நின்றாள்.

"ஏன் சித்தி?"

"உன்னை மாதிரி தண்ணி விட யாருக்கும்மா தெரியும்" என்றேன். மனசார அப்படித்தான் நினைக்கிறேன். அவள் முகத்தை மூடிக்கொண்டு ரொம்ப நேரம் அழுதாள். சிலருக்குப் பாராட்டைத் தாங்கிக்கொள்ளத் தெரியாது. பிறகு சின்னக் கதவைத் தாண்டிப் போய் அவர்கள் பக்கத்திலிருந்து தாழ்ப்பாள் போட்டுவிட்டாள். நேற்று செவ்வாய்க்கிழமை, அவர்கள் பாத்திக்கு மட்டும்தான் தண்ணீர் போயிற்று.

கொடுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். நாலு வரனையும் திருப்பி அனுப்பியது நான், பேசி முடிக்காத பெண்ணைப் பேசி முடித்ததாகச் சொன்னது நான், ஒய்னிசாவை ஏமாற்றி ரொட்டியைப் பிட்க வைத்ததும் நான். ஏமாற்றிப் பிட்ட ரொட்டி செல்லாது, குவாவுக்கு எடுத்துப்போய்க் காட்டுங்கள். அந்தப் பசுக்காரி எதற்கும் அசரமாட்டாள், திரும்பி வருவாள். கல்யாணத்தை மட்டும் நவம்பர் கடைசியில் வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். பனியில் கருகாமலிருக்க, குளிருக்கு முன்னால் திராட்சைக் கொடியை மண்ணில் இறக்கிப் புதைக்கவேண்டும், அதற்குக் குனியவேண்டியிருக்கிறது.

போகிற வழியில் பர்னோவிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போங்கள். அவள் தாழ்ப்பாள் போட்டதற்கு எனக்கு வருத்தம்தான். நாலு நாளாகத் தண்ணீர் இல்லாமல் செடியெல்லாம் தலை தொங்கி நிற்கிறது. இருந்தாலும் நான் அவளை மன்னித்துவிட்டேன்.